கோப்புகளை எங்கே வைப்பது?

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய வினாத்தாள்கள், புகைப்படங்கள், ஆண்டு மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கலாம் என்று நம் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. நல்ல காரியம். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் தம்பி தங்கைகள் லீவுக்குப் போனாலும், வெள்ளிமலையில் இருந்தபடியே செல்போனில் வினாத்தாளைத் திறந்து பார்க்கலாம். மலையில் சிக்னலை நம்மால் கூட்ட முடியாது. சர்வர் செய்கிற தாமதத்தையாவது குறைக்கலாம். அதற்கு, முதல் கோப்பை ஏற்றுவதற்கு முன்பே எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

"இதிலென்ன சார், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் போகிறது" என்பார்கள். லினக்ஸில் பழைய இஎக்ஸ்டி2 முறையில் ஃபோல்டர் என்பது வெறும் பெயர்ப் பட்டியல். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். பின்னால் வந்த இஎக்ஸ்டி4-இல் அட்டவணை இருக்கிறது, பெயர் தெரிந்தால் சட்டென்று எடுத்துவிடும். ஆனால் பேக்கப் போல மொத்தமாகப் பார்க்கிற வேலைகள் இருக்கின்றனவே! நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பல லட்சம் படங்கள் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. எல்எஸ் என்று தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். எல்லாப் பெயரையும் படித்து, வரிசைப்படுத்தி, அப்புறம்தான் முதல் வரியையே காட்டும். ராத்திரி தொடங்கிய பேக்கப் காலையிலும் ஓடும். தளத்தைத் திறந்தவர் காத்துக் கிடப்பார்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டவைதான். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்: ஃபோல்டருக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தபோது, ஒரே ஒரு படத்தை எடுக்க 10 முறைக்கு மேல் டிஸ்க்கைத் தொட வேண்டியிருந்ததாம். நூற்றுக்கணக்காகக் குறைத்த பிறகு 3 முறை.

ஆக, பிரிக்க வேண்டும். எப்படி? முதல் எழுத்தை வைத்துப் பிரித்தால் நம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் கதைதான். 'ச'வும் 'ர'வும் நிரம்பி வழியும், 'ஞ'வில் ஒரு ஞானசேகரன் இருந்தால் அதிகம். ஊர், மாவட்டம் என்று பிரிக்கலாமா? 1993-க்கு முன் நம் பெரியவர்கள் முகவரியில் தென்னாற்காடு என்று எழுதினார்கள். நாங்கள் படித்தபோது விழுப்புரம். 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம். அத்தனை ஃபோல்டருக்கும் பெயர் மாற்றினால், கொடுத்து வைத்த முகவரியெல்லாம் செத்துப்போகும். 606 என்று தொடங்கும் நம் பின்கோடு மட்டும் மாவட்டம் பிரிந்தபோதும் அப்படியே இருக்கிறது. அதில் மாவட்டத்தின் பெயர் இல்லை, பாருங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் விக்கிமீடியா காமன்ஸில் இருக்கின்றன. அங்கே கோப்பின் பெயரை எம்டி5 என்ற கணக்கில் போடுகிறார்கள். 32 குறிகள் கொண்ட ஒரு விடை வரும். முதல் குறி வெளி ஃபோல்டர், முதல் இரண்டு குறிகள் உள் ஃபோல்டர். ஒவ்வொரு குறிக்கும் 16 வாய்ப்பு, ஆக மொத்தம் 256 ஃபோல்டர்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விடை முழுக்க மாறிவிடுவதால் கோப்புகள் ஏறக்குறையச் சமமாகப் பரவும். ஒரு லட்சம் கோப்பு என்றால் ஃபோல்டருக்கு 390 போல.

நமக்கு எம்டி5 கூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதில் பெயரைத் திருத்தினால் ஃபோல்டரும் மாறிப்போகும். ஒவ்வொரு கோப்புக்கும் என்றும் மாறாத ஒரு வரிசை எண் கொடுப்போம். கடைசி இரண்டு இலக்கம்தான் ஃபோல்டர். 48217 என்றால் 17-இல் இருக்கும். 00 முதல் 99 வரை நூறு ஃபோல்டர்கள், எல்லாம் சமமாக நிரம்பும். "ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றும் புரியாதே" என்று கேட்கலாம். புரியாதுதான். துறை, ஆண்டு, பாடம் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும், தேடுவது அங்கே. துறையின் பெயர் நாளைக்கு மாறினால் அங்கே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

எண் கொடுக்கிற வேலை மட்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். ஆளாளுக்கு எண் போட்டால் ஒரே எண் இரண்டு கோப்புக்குப் போய், ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்பட்டுவிடும். இந்த ஒரு முடிவைச் செயற்குழு இன்று மாலையே எடுத்துவிட்டால் ஸ்கேன் வேலையை நாளைக்கே தொடங்கலாம்.