நிரம்பாத தொட்டி நல்ல தொட்டியா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனையின் சமுதாய நலப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று வருகிறவர்கள் உங்கள் உதவியினால் சிகிச்சை பெற்று, சுகமாய் வீடு திரும்புகிறார்கள். அதற்காக உங்களுக்கு நன்றி. ஆனால் அவர்கள் திரும்பிப் போய் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? அந்தக் கிணறு கெட்டிருந்தால் அதே பிள்ளை அதே நோயோடு மறுபடியும் வரும். கிணறு கெடுவதற்குக் காரணம் பல வீடுகளில் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. பழுதான செப்டிக் டேங்க்தான் அது.

"டேங்க் கட்டிப் பதினைந்து வருஷம் ஆயிற்று, ஒரு தடவைகூட நிரம்பவில்லை" என்று பெருமையாய்ச் சொல்கிறவர்கள் உண்டு. பிரியமானவர்களே, அது பெருமைப்படவேண்டிய காரியம் அல்ல. ஒழுங்காய்க் கட்டிய தொட்டியில் கசடு அடியில் தங்கும். 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்தே ஆகவேண்டும். பதினைந்து வருஷம் எடுக்கவில்லை என்றால், ஒன்று தொட்டிக்கு அடித்தளமே போடவில்லை. அல்லது கசடு வழிந்து உறிஞ்சுகுழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிமெண்டு உறைகளை மண்ணில் இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லும் வழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது.

நல்ல தொட்டியிலிருந்து வெளியேறும் நீரும் சுத்தமானதல்ல. கிருமிகள் அதில் இருக்கும். மீதி வேலையைச் செய்வது மண். மெதுவாக இறங்கும் நீரை மண் வடிகட்டுகிறது. அதற்குக் காய்ந்த மண்ணும் போதிய தூரமும் வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழிவரை ஏறிவிட்டால் வடிகட்ட மண் இல்லை. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில், பாளயத்துக்குப் புறம்பே போய், தோண்டி, மண்ணால் மூடவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. தூரம், மண் என்ற இரண்டும் அன்றைக்கே சொல்லப்பட்டிருக்கின்றன. கழிவுநீரை உறிஞ்சும் குழி குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதாவது ஏறக்குறைய 60 அடி.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அவசியம் செய்யுங்கள். ஆனால் கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் உப்பு கொதித்தாலும் போகாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல், உடல் நீலம்பாரிக்கக்கூடும். ஆகவே நோயின் வேரைத் தொட்டியில்தான் பிடுங்கவேண்டும்.

எப்படிச் சரிசெய்வது? முதலில் லாரியை அழைத்துக் கசடை உறிஞ்சி எடுக்கவேண்டும். அந்த லாரி ஏரியிலோ ஓடையிலோ கொட்டினால் ஒரு கிணற்றைக் காத்து ஊர்க் குளத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம். மதுராந்தகம் அருகே கருங்குழியில் இருப்பதுபோன்ற கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது போகவேண்டும். பிறகு வெடிப்புகளை அடைத்து, அடித்தளம் போட்டு, உட்சுவரைச் சிமெண்டு பூசவேண்டும். நடுவே தடுப்புச் சுவர் வேண்டும். நீர் நுழையும், வெளியேறும் இடங்களில் 'டி' வடிவக் குழாய் வேண்டும். உறிஞ்சுகுழி கிணற்றருகே இருந்தால் அதை மூடிவிட்டு, தள்ளி வேறு குழி எடுக்கவேண்டும். அடித்தளமே இல்லாத உறைத்தொட்டியானால் ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாய்க் கட்டுவதே மேல்.

ஒன்றை மறக்கவேண்டாம். எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு சில நிமிடங்களில் கொல்லும். காப்பாற்ற இறங்குகிறவரும் மடிவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நம் வீட்டுச் சுத்தத்துக்காக இன்னொரு வீட்டுத் தகப்பன் சாகலாமா?

ஏழை வீடுகளுக்கு இந்தச் செலவு தாங்காது. ஆகவே மருந்துக்கும் படுக்கைக்கும் கொடுப்பதுபோல, தொட்டியைப் பழுதுபார்க்கவும் மனமுவந்து கொடுங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டிலும், போதகர் இல்லத்திலும், சபையின் பள்ளி விடுதியிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: தொட்டியைக் கடைசியாகத் திறந்தது எந்த வருஷம்? பதில் தெரியவில்லை என்றால் வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.