பொருந்தும் விரியலாக்கி எது?

உலோக வேலைத் தொழிற்சாலையொன்றில் இயந்திரம் திடீரென நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் சேர்வோ விரியலாக்கி கருகிக் கிடக்கிறது. உருவத்தில் அதனையொத்த பழைய விரியலாக்கி ஒன்று அரைவிலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா என்பது உரிமையாளரின் கேள்வி.

நேயர்களே, விரியலாக்கி என்றதும் வானொலிப் பெட்டிக்குள் ஒலியைப் பெருக்கும் உறுப்பே உங்கள் நினைவுக்கு வரும். இதுவும் அதே இனந்தான். கட்டளைப் பெட்டி இடும் மெல்லிய கட்டளையை வலிய மின்னோட்டமாக்கி மோட்டருக்கு ஊட்டுகிறது. மோட்டரின் பின்புறத்து உணர்கருவியோ, தண்டு எவ்வளவு சுழன்றது என்பதைக் கணந்தோறும் திருப்பியறிவிக்கிறது. 1952 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி உலோகஞ் செதுக்கும் இயந்திரம் காட்டப்பட்டது. அன்று தொட்டு இச்சுற்றின் அடிப்படை மாறவில்லை.

ஆகவே விரியலாக்கி தேடுவது மணப்பொருத்தம் பார்ப்பதை ஒக்கும், முகச்சாயல் போதாது. யப்பானிய பனுக் நிறுவனத்தின் அல்பா வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ06பி-6079 எனத் தொடங்கும் இலக்கமுடையது கம்பிவழித் துடிப்புகளாகக் கட்டளை பெறுவது. ஏ06பி-6096 என்பதோ ஒளியிழைவழி பெறுவது. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் இயந்திரம் அசையாது. தட்டிலுள்ள இலக்கத்தை ஈறுவரை எழுதிக்கொள்ளல் வேண்டும். எத்தனை மோட்டர்களை, எவ்வளவு மின்னோட்டத்தில் இயக்கும் என்பதைக் குறிப்பவை அவ்வீற்றெண்களே.

மின்வழங்கலையும் மறத்தல் ஆகாது. இவ்வரிசையில் மேற்சொன்ன இரண்டும் 200 உவோற்று வகையின. இலங்கைத் தொழிற்சாலைகளின் மும்முனை மின்சாரமோ 400 உவோற்று. இடையில் நிலைமாற்றி இன்றியமையாதது.

இத்தனையும் பொருந்தினாலும் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் வேறொன்றை ஆராய வேண்டும்: பழையது ஏன் கருகியது? வெட்டுமிடத்தைக் குளிர்விக்கும் நீர்மம் மோட்டர்க் கம்பிக்குள் கசிந்து மின்காப்பைக் கெடுத்திருக்கலாம். அவ்வாறாயின் புதிதாக வாங்கியதும் பூட்டிய கணமே கருகும். மோட்டர்ச் சுருளுக்கும் புவித்தொடுப்புக்கும் இடையிலுள்ள காப்பை அளந்து பார்ப்பது சில நிமிட வேலை. பலர் அதனைச் செய்வதில்லை என்பதுதான் வியப்பு.

கழற்றும்போது கவனம் தேவை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உள்ளிருக்கும் கொள்ளளவிகளில் உயிர்பறிக்கக்கூடிய மின்னேற்றம் சிறிதுநேரம் தங்கியிருக்கும். மின்னேற்றத்தைக் காட்டும் சிறுவிளக்கு அணைந்த பின்னரும் மானியால் அளந்து உறுதிசெய்தே கைவைத்தல் வேண்டும். மேலும் கீழுமாக இயங்கும் தலைப்பகுதியாயின், அது சரிந்து கையை நசுக்காதபடி அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்த பின்னரே ஆணியைத் தளர்த்துதல் வேண்டும்.