கண்ணாடியும் கண்கட்டும்



இங்கு ஒரு கண்ணாடிக் கதவை நிறுத்தி, அதை ஒரு நொடியில் பால் போல் வெளுக்கவும் மறுநொடியில் தெளியவும் செய்து காட்டினால் நம்மில் எத்தனை பேர் கன்னத்தில் போட்டுக் கொள்ளுவோம்? ஆனால் அக்காரியத்துக்கு மந்திரமும் வேண்டாம், விரதமும் வேண்டாம். மின்சாரப் பொத்தானை அழுத்தத் தெரிந்த சிறு பிள்ளையே செய்துவிடலாம். அதன் சூட்சுமத்தைத்தான் இன்று நாம் சொல்லப் போகிறோம்.

1888-ம் ஆண்டில் பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவர சாஸ்திரி, கேரட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த சரக்கைக் கொண்டு செய்த ஒரு பொருளைச் சூடேற்றிப் பார்த்தார். அது 145.5 டிகிரியில் உருகிற்று. ஆனால் கலங்கலாகவே இருந்தது. 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு தரம் உருகுமா? அவர் அதை மறைக்கவும் இல்லை, அற்புதமென்று கும்பிடவும் இல்லை. ஜர்மனியின் லேமன் என்ற பௌதிக நிபுணருக்கு எழுதினார். லேமன் அதைச் சூட்டோடு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நீர் போல் ஓடினாலும் படிகம் போல் ஒளியை நடத்துகிறது என்றார். பெரிய பண்டிதர்கள் சிலர், அது வெறும் கலப்படச் சரக்கு என்று சாதித்தார்கள். பல வருஷம் வாதம் நடந்து, கடைசியில் பரீட்சை ஜெயித்தது.

இனி ஒரு வீட்டுச் சங்கதி. வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் வெளிச்சத்தை விடுகிறதல்லவா? நாரும் காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் காகிதம் வெளுப்பு. எண்ணெயோ ஏறக்குறைய நாரைப் போலவே வளைக்கிறது. அது காற்றின் இடத்தைப் பிடித்ததும் சிதறல் குறைகிறது.

கண்ணாடிக் கதவிலும் இதே கணக்குத்தான். திரவப் படிகத்தைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிளாஸ்டிக் ஏட்டுக்குள் சிதறி வைக்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்துக் கென்ட் சர்வகலாசாலையார் இம்முறையை வளர்த்தார்கள். துளிக்குள் அணுத்திரள்கள் தீப்பெட்டிக் குச்சிகள் போல் வரிசையாய் நிற்கும். ஆனால் ஒரு துளியின் வரிசை கிழக்கென்றால் அடுத்ததன் வரிசை தெற்கு. ஒளி துளிக்குத் துளி திசை மாறிச் சிதறுகிறது, ஏடு வெளுக்கிறது. மின் அழுத்தம் கொடுத்தால் எல்லாத் துளிகளின் குச்சிகளும் ஒரே திசையில் நிமிரும். அந்நிலையில் துளியும் பிளாஸ்டிக்கும் நேரே வரும் ஒளிக்குச் சமமாகும்படி சரக்கைப் பொறுக்கியிருப்பதால், ஒளி தடையின்றிப் போகிறது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் மங்கலும் குறைந்து கூடும்.

குறையையும் சொல்லுவதுதான் யோக்கியம். மின்சாரம் நின்றால் ஏடு மறுபடி வெளுத்துவிடும். வெளுத்தபோதும் வெளிச்சம் உள்ளே வரும்; உருவந்தான் தெரியாது. ஆகவே வெயிலைத் தடுக்க இது அவ்வளவாக உதவாது.

ஆதலால் தோழர்களே! எவரேனும் அதிசயம் காட்டினால் கைகூப்புமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எப்படி நடக்கிறது? நாமும் செய்து பார்க்கலாமா? ரைனிட்சரின் சரக்கு இரண்டுக்கும் பதில் சொல்லிற்று. பதில் சொல்லாத அதிசயத்துக்கு நாம் ஏன் காணிக்கை கொடுக்க வேண்டும் என்று கேட்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறோம்.