டிக்கெட் உண்டு, இருக்கை உண்டா?

180 இருக்கை உள்ள விமானத்துக்கு 185 டிக்கெட் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் செய்வது இது, ஓவர்புக்கிங் என்பார்கள். அந்த விமானத்துக்கு நீங்களும் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள். கவுண்டரில் "இடமில்லை" என்ற பதில் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு ஐந்து பேர் வராமல் போவதாகக் கொண்டால், 185 பேரில் சராசரியாக ஒன்பது பேர் வரமாட்டார்கள். ஐந்து பேர் வராவிட்டாலே எல்லோருக்கும் இடம் உண்டு. வராதவர்கள் நான்கு பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்தால்தான் சிக்கல். அது நூறு பயணத்தில் நான்கு தடவை நேரலாம். அப்போதும் பெரும்பாலும் ஓரிருவர்தான் வெளியே நிற்பார்கள். ஆக, ஒரு பயணிக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 2,700-ல் ஒன்று.

ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வருவதாக எண்ணிப் போட்ட கணக்கு இது. கல்யாணத்துக்குக் கிளம்பும் குடும்பம் வந்தால் எட்டுப் பேருமாக வரும். தீபாவளிக்கு முதல் நாள் டிக்கெட்டை யார் வீணாக்குவார்கள்? அன்றைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

அதைவிட என்னை உறுத்துவது, இந்த ஆபத்து எல்லோர்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதுதான். வெப் செக்-இன் செய்யத் தெரியாமல் கடைசியாக வரிசைக்கு வரும் பெரியவர்மேல்தான் அது அதிகம் விழுகிறது. எத்தனை டிக்கெட் விற்றது என்பது நிறுவனத்துக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968-லேயே இதற்கு வழி சொன்னார். யாரை நிறுத்துவது என்று நிறுவனம் முடிவு செய்ய வேண்டாம். எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்தில் போவீர்கள் என்று பயணிகளையே கேட்டு, குறைவாகக் கேட்பவரின் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அவசரமில்லாதவர் பணத்தோடு காத்திருப்பார். அவசரமுள்ளவர் ஏறிப் போவார். எவ்வளவு நியாயமான யோசனை! இருந்தும் அமெரிக்க விதிகளில் அது இடம்பெறப் பத்து ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியும், விட்டுக்கொடுக்க விரும்புவோரை முதலில் கேட்கச் சொல்கிறது. உறுதியான டிக்கெட்டோடு உரிய நேரத்தில் வந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் நிறுத்தினால் இழப்பீடு உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் ஏற்றினால் மட்டும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேலானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை.

வீட்டுப் பெரியவர்கள் விமானத்தில் போகிறார்கள் என்றால் முந்தைய நாளே வெப் செக்-இன் செய்து, போர்டிங் பாஸை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். இந்த இழப்பீட்டு விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.