நாற்காலி கொடுத்தவர்களுக்கு நன்றி

தாராவி 90 அடி சாலையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, மாட்டுங்காவில் காபி குடித்த கையோடு வந்திருக்கும் பெரியவர்களே!

முதியோர் நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு காலைப் பற்றிப் பேசுகிறேன். என் பெரியப்பாவின் இடது கால். திருநெல்வேலியிலிருந்து வந்து, இங்கே தோல் ஷெட்டில் நாற்பது வருஷம் நின்ற கால். பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் செம்பூர்ப் பக்கம் ஒரு இல்லம், பேர் வேண்டாம். வேளைக்குச் சோறு, மாத்திரை, டிவி. பிசியோதெரபி? “இந்த வயசுல எதுக்குங்க?” என்றார் மேனேஜர்.

எதுக்கா? நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்து அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போச்சு! பக்கவாதக்காரன் கதி?

பெரியப்பா இருந்த இல்லத்தில் ஒரு ஆயாம்மா. பேரைச் சொல்ல மாட்டேன், சத்தியம் வாங்கியிருக்கிறார். தன் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துப் பழகியவர். தினம் சாயங்காலம், “அண்ணாச்சி, எந்திரிங்க, வாசல் வரைக்கும் போவோம்.” மூன்று மாசத்தில் பெரியப்பா தானே கக்கூஸுக்குப் போனார். கைதட்டுங்க, எனக்கில்லை, அந்த அம்மாவுக்கு!

அப்புறம் அந்த இல்லத்துக்கு நன்கொடை கொடுக்க வந்தார்கள் நம் நண்பர்கள். பேனர், மாலை, பன்னிரண்டு சக்கர நாற்காலி, நாற்பது போட்டோ. மறுநாளிலிருந்து நடக்க முடிந்தவரும் நாற்காலியில். தள்ளுவது சுலபமாச்சே! போட்டோவில் பெரியப்பா சிரிக்கவில்லை, பார்த்தீர்களா?

பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007 சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லம், 150 ஏழை முதியவர்களுக்காவது, கட்ட‘லாம்’ என்கிறது. லாம்! 2024இல் எழுபது வயது ஆனவர்களுக்கு ஐந்து லட்சம் காப்பீடு வந்தது, நல்லது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். இல்லத்து வராந்தாவில் நடக்கப் பழகுவதற்கு யார் கொடுப்பார்கள்? ஹாஜி அலியில், 1955இல் தொடங்கிய மத்திய அரசின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. ஒரு பக்கம் விழுந்த ஆளை அங்கே கொண்டுபோய் வர ரெண்டு பேருக்கு ஒருநாள் கூலி போகும்.

அந்த ஆயாம்மா செய்தது படித்தவர் செய்ய வேண்டிய வேலை. பிடி தவறினால் இடுப்பெலும்பு போயிருக்கும், பழியும் அவர் தலையில்தான்.

தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்: மாநகராட்சி பிசியோதெரபிஸ்ட் வாரம் ரெண்டு நாள் இல்லங்களுக்கு வர வேண்டும். கையெழுத்துப் போடாமல் ஒருத்தரும் டீக்குப் போகக் கூடாது!