எத்தனை பேர் சொன்னார்கள்? யார் யார் சொன்னார்கள்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுப் புதியது. மக்களின் உடல்நலம் பற்றிய விவரங்களை இணையத்தின் வாயிலாகச் சில நாட்களுக்குள் திரட்டும் விரைவுக் கணக்கெடுப்புகளைப் பற்றியது. "நூற்றுக்கு இத்தனை பேர் தடுப்பூசிக்கு அஞ்சுகிறார்கள்", "நூற்றுக்கு இத்தனை பேர் இந்த மருந்தை உட்கொள்கிறார்கள்" என்னும் செய்திகள் நாள்தோறும் நமது கைப்பேசிகளில் வந்து விழுகின்றன. வந்த வேகத்திலேயே அவை அடுத்தவருக்கும் அனுப்பப்படுகின்றன. அந்த எண் யாரைக் கேட்டுப் பிறந்தது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. ஒரு செய்தி வந்தால் அதைச் சொன்னவர் யார் என்று விசாரிக்க வேண்டும் என்பது மதரஸாவில் நாம் கற்கும் தொடக்கப் பாடங்களில் ஒன்று. அந்த விசாரணை எண்களுக்கும் வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம். இத்துறையில் பெரும் பிழைகளைக் கண்டு, அவற்றைத் திருத்தவும் முற்பட்ட நாடு அமெரிக்கா. எனவே அந்நாட்டின் அனுபவத்தையே நாம் சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்த அவசரம் ஏன்?

அமெரிக்காவில் தேசிய உடல்நல நேர்காணல் கணக்கெடுப்பு என்ற ஒன்று 1957-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, குடும்பத்தாரிடம் பொறுமையாக அமர்ந்து கேட்டு விவரங்களைப் பதிவு செய்வர். நம்பகமான முறைதான். ஆனால் செலவு மிகுந்தது. கேட்டதைத் தொகுத்து, சரிபார்த்து, வெளியிட மாதங்கள் பல ஆகும்.

நோய் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா பரவியபோது வீடு தேடிச் செல்லும் அப்பணியே நின்று, தொலைபேசிக்கு மாற நேர்ந்தது. மக்கள் மருத்துவமனைக்குச் செல்ல இயலாமல் தவிக்கிறார்களா, வேலை இழந்தார்களா, தடுப்பூசி வந்தால் போட்டுக்கொள்வார்களா என்பதையெல்லாம் அரசு அந்த வாரமே அறிய வேண்டியிருந்தது. அப்போது கைகொடுத்தவை இணையவழிக் கணக்கெடுப்புகள். ஆகவே அவற்றை வீண் என்று நாம் ஒதுக்கவில்லை. எது தக்கது, எது தகாதது என்று பிரித்தறிய வேண்டும் என்றே சொல்கிறோம்.

இருவகைக் குழுக்கள்

கணக்கெடுப்பு நிறுவனங்கள் அவ்வப்போது கேள்விகளுக்கு விடையளிக்க இசைந்த ஒரு மக்கள் குழுவைத் தம் கைவசம் வைத்திருக்கின்றன. இதனைப் 'பேனல்' என்பர். இதில் இருவகை உண்டு.

முதல் வகை, தாமாக வந்து சேர்ந்தோர் குழு. விளம்பரத்தைக் கண்டு, சிறு தொகையோ பரிசோ கிடைக்கும் என்று கருதி, யார் வேண்டுமானாலும் பெயர் பதியலாம். ஆயிரம் பேரின் பதிலை ஓரிரு நாளிலேயே திரட்டிவிடலாம், செலவும் குறைவு.

இரண்டாம் வகை, நிறுவனமே தேர்ந்தெடுத்து அழைத்தோர் குழு. நாட்டின் முகவரிப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அஞ்சலில் அழைப்பு அனுப்புவார்கள். அழைக்கப்படாதவர் தாமாக உள்ளே நுழைய முடியாது. இப்சோஸ் நிறுவனத்தின் நாலெட்ஜ் பேனல் இவ்வகையைச் சேர்ந்தது. தேர்வான வீட்டில் இணையம் இல்லையெனில் அந்நிறுவனமே இணைய வசதியும் கருவியும் தந்து சேர்த்துக்கொள்ளும். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோர்க் நிறுவனத்தின் அமெரிஸ்பீக் குழுவில், இணையத்தில் பதிலளிக்க இயலாதவர் தொலைபேசியிலேயே பதில் சொல்லலாம். ஏழையும் முதியவரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாடுகளின் நோக்கம்.

பதம் பார்க்கும் முறை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. கணக்கெடுப்புக் கலையின் அடிப்படையே இதுதான். ஆனால் அதில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை உண்டு. வலீமா விருந்துக்குத் தேக்சாவில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. பண்டாரி கரண்டியை அடிவரை விட்டுப் புரட்டி எடுத்துப் பார்த்தால் ஒரு பருக்கையே போதும். புரட்டாமல் மேலாக அள்ளினால், ஒரு பருக்கை அல்ல, ஒரு சஹன் நிறைய அள்ளினாலும் அடியில் பிடித்திருப்பது தெரியாது. அள்ளும் அளவைக் காட்டிலும் அள்ளும் முறையே முக்கியம்.

இதை உலகம் 1936-ஆம் ஆண்டிலேயே கண்டது. அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்திற்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி வென்றவர் ரூஸ்வெல்ட். அவ்விதழ் பெரிதும் நம்பிய பெயர்கள் தொலைபேசிப் பட்டியலிலும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலும் இருந்தவை. பஞ்சம் நிலவிய அக்காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அதிலும், வந்த சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்ற மனப்போக்கு உடையவர்களாக இருக்கவில்லை.

பெரிய எண் செய்த பெரிய பிழை

அதே பாடம் 85 ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகநூல் நிறுவனத்துடன் இணைந்து, அமெரிக்காவில் வாரந்தோறும் சுமார் 2,50,000 பேரிடமிருந்து கொரோனா பற்றிய பதில்களைப் பெற்றனர். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, மின்னஞ்சல் வழியாகவும் குறுஞ்செய்தி வழியாகவும் இரு வாரங்களுக்கு ஒருமுறை சுமார் 75,000 பேரிடம் விவரம் திரட்டியது. இவற்றோடு மூன்றாவதாக ஆக்சியோஸ் செய்தி நிறுவனமும் இப்சோஸும் சேர்ந்து, முன்னர்க் கூறிய குலுக்கல் முறைக் குழுவிலிருந்து ஒவ்வொரு முறையும் சுமார் 1,000 பேரை மட்டும் கேட்டன.

எத்தனை பேர் முதல் தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டனர் என்பதற்கு அரசின் பதிவேடு இருந்தது. ஆகவே மூன்றையும் உரைகல்லில் உரைத்துப் பார்க்க முடிந்தது. அந்த ஆய்வு 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 2021 மே மாத நிலவரப்படி முகநூல் கணக்கெடுப்பு உண்மையைவிட 17 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டியிருந்தது. அரசுத் துறையின் கணக்கெடுப்பு 14 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியிருந்தது. வெறும் ஆயிரம் பேரைக் கேட்ட சிறிய கணக்கெடுப்போ உண்மையை ஒட்டியே நின்றது. இரண்டரை லட்சம் பேரைக் கேட்டுப் பெற்ற விடை, நேர்மையாகக் குலுக்கி எடுத்த பத்தே பேரைக் கேட்டுப் பெறும் விடையைவிடத் துல்லியமாக இல்லாமற் போகலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

காரணம் என்ன? முகநூலில் இல்லாதவர் அக்கணக்கில் வர வழியில்லை. அதில் இருந்தவர்களிலும், அழைப்பைக் கண்டு பதிலளித்தவர் மிகச் சிலரே. அப்படிப் பதிலளித்தவர்கள், பதிலளிக்காதவர்களைவிடத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் வாய்ப்பு மிகுந்தவர்களாக இருந்தனர். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பக் கணக்கைச் சரிசெய்தார்களே தவிர, கல்விக்கும் இனத்துக்கும் ஏற்பச் சரிசெய்யவில்லை. தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்னும் போக்கை அறிய அக்கணக்கெடுப்பு உதவியது உண்மையே. ஆனால் 'எத்தனை பேர்' என்ற கேள்விக்கு அதன் விடை தவறியது.

இத்தவறு ஏட்டோடு போவதில்லை என்பதைச் சிந்தியுங்கள். தடுப்பூசி போட்டவர் கூடுதல் என்று கணக்கு சொன்னால், போடாதவர் குறைவு என்றாகிறது. யாரைத் தேடிப் போய் ஊசி போட்டிருக்க வேண்டுமோ, அவர்களே கணக்கிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

விளையாட்டாய்ச் சொன்ன பதில்

இன்னொரு பிழையும் உண்டு. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 மே மாதத்தில் 502 பேரிடம் நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பு ஒன்றில், நூற்றுக்கு 4 பேர் நீர் கலந்த பிளீச்சைக் குடித்ததாகவோ அதில் வாய் கொப்பளித்ததாகவோ பதிலளித்திருந்தனர். உலகமே திடுக்கிட்டது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே போன்ற கேள்விகளை, கவனமின்றியும் பொய்யாகவும் பதிலளிப்போரைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டனர். சுத்திகரிப்புத் திரவங்களைக் குடித்ததாகச் சொன்ன பதில்களில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அத்தகைய நம்பத்தகாதோர் தந்தவை என்று தெரிந்தது.

பியூ ஆய்வு மையம் 2022-இல் செய்த சோதனை இதைவிட வியப்பானது. தாமாக வந்து சேர்ந்தோர் குழுவில், 30 வயதுக்குட்பட்டோரிடம், "அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்த உரிமம் பெற்றிருக்கிறீர்களா?" என்று கேட்டனர். நூற்றுக்கு 12 பேர் 'ஆம்' என்றனர்! பரிசுத் தொகைக்காகக் கேள்வியைப் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிக்கொண்டே போகும் விரல்களின் சாட்சியம் அது. ஊரில் அரிதாக உள்ள ஒரு பழக்கத்தையோ நோயையோ இத்தகைய குழுவைக் கொண்டு அளந்தால், இல்லாதது இருப்பதாகத் தோன்றிவிடும்.

விரைவும் வேண்டும், தராசும் வேண்டும்

அப்படியானால் தீர்வு என்ன? அமெரிக்கத் தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் கடைப்பிடித்த வழி நமக்குச் சரியாகப் படுகிறது. 2015 முதலே அம்மையம் இணையக் குழுக்களைச் சோதித்துப் பார்த்து வந்தது. 2020-இல் தொற்றுக் காலத்தில் மருத்துவ வசதி குறைந்தது, தொலைவழி மருத்துவம், நோயால் வேலை இழப்பு ஆகியவற்றைக் கேட்டறிந்து, 'இவை சோதனை நிலையில் உள்ள மதிப்பீடுகள்' என்று அறிவித்தே வெளியிட்டது. 2023-இல் முன்னர்க் கூறிய இரண்டு குலுக்கல் முறைக் குழுக்களையும் கொண்டு விரைவுக் கணக்கெடுப்பு முறை ஒன்றைத் தொடங்கியது. அதில் கிடைத்த விவரங்களை, வீடு தேடிச் செல்லும் அந்தப் பழைய கணக்கெடுப்பின் விவரங்களோடு ஒப்பிட்டு எடை சரிசெய்தது. மெதுவானது தராசாக நின்றால்தான் விரைவானது சரக்காக விலைபோகும். தராசை விற்றுவிட்டுச் சரக்கு வாங்குவது வணிகமாகாது.

மேலும், எந்த இணையக் கேள்வியாலும் அறிய முடியாத விவரங்கள் உண்டு. "உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டால், மருத்துவரிடமே செல்லாத ஏழை 'இல்லை' என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை; ஆனால் கணக்கில் அவர் ஆரோக்கியமானவராகிவிடுகிறார். இரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நமது நாட்டின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21 காலத்தில் ஏறத்தாழ 6,37,000 வீடுகளுக்கு நேரில் சென்று, கேள்விகளோடு இரத்த அழுத்தத்தையும் இரத்தசோகையையும் சோதித்துப் பார்த்தது இதனால்தான்.

நமக்குரிய கடமை

இது நமக்குத் தொடர்பற்ற செய்தி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஜும்ஆ முடிந்ததும் நாம் எழுந்து நின்று, "உங்களில் முழங்கால் வலியால் நடக்க இயலாதவர் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? நடக்க இயலாதவர் வீட்டில் அல்லவா இருக்கிறார்! பெண்கள் அக்கணக்கில் இல்லை. வெளிநாட்டில் உழைப்போர் இல்லை. படுக்கையில் கிடப்போர் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலும் இதே நிலைதான். நமது மஹல்லாவில் உடல்நல விவரம் திரட்ட வேண்டுமெனில், ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டிலிருந்து வீடுகளைக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, பெண்களிடம் பெண்களே சென்று கேட்பதுதான் முறையாகும்.

ஆகவே மூன்று விஷயங்களை ஜமாஅத்தார் முன் வைக்கிறோம்.

ஒன்று: விழுக்காட்டுடன் ஒரு செய்தி வந்தால், யாரைக் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், விடுபட்டவர் யார் என்று விசாரியுங்கள். விடை கிடைக்காவிட்டால் அதனைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டு: உங்களிடம் கேள்வித்தாள் வந்தால் படித்து, உண்மையாகப் பதிலளியுங்கள். இணையத்தில் நம்மை யாரும் காணவில்லை என்று விளையாட்டாகத் தட்டும் ஒரு பொய், எங்கோ ஒரு நோயாளிக்குச் சேர வேண்டிய மருந்தை வேறு திசைக்குத் திருப்பிவிடலாம்.

மூன்று: முறையான அரசுக் கணக்கெடுப்புப் பணியாளர் வாசலுக்கு வந்தால், அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், என்ன நோக்கம் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. மனம் நிறைவடைந்தபின் உடல்நலம் குறித்த கேள்விகளுக்குக் கதவை அடைக்காதீர்கள். பல வீடுகள் கதவடைத்த தெருவின் நோய்கள் கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத நோய்க்கு ஒதுக்கீடும் வருவதில்லை.

பதில் சொன்னவர்களின் குரல் தானே கேட்கும். பதில் சொல்ல இயலாமல் போனவரைத் தேடிச் சென்று கேட்பதே நேர்மையான கணக்கு. வல்ல இறைவன் நம்மையும் நம் சந்ததியினரையும் நோய்நொடியின்றிக் காத்து, உண்மையை விசாரித்தறிந்து பேசும் மக்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.