வாலிபர் காட்டிய வழி

மூத்தோர் முன்னே செல்ல இளையோர் பின்தொடர்வது உலக வழக்கு. வீட்டிலும் ஊரிலும் பாடசாலையிலும் அவ்வழக்கே நிலவுகின்றது. ஆயினும், ஒரோவொரு காலத்தில் இவ்வொழுங்கு மாறிவிடுவதுண்டு. மூத்தோர் அயர்ந்திருக்கும் வேளையில் இளையோர் எழுந்து, தம்மால் இயன்றதைச் செய்து காட்டி, ஊரையே தட்டியெழுப்பி விடுகின்றனர். அத்தகைய காலமொன்று யாழ்ப்பாணத்தில் 1924ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்தது. யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்ற பெயருடன் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்ட இயக்கமே அது.

இவ்வியக்கத்தின் உயிர்நாடியாய் விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம் என்னும் இளைஞர். 1899ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடையவர். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவர். அவரைச் சூழ்ந்து நின்றோரும் பெரும்பாலும் மாணவரும் இளம் ஆசிரியருமே. நிலபுலம் படைத்த பிரபுக்களல்லர், சட்டசபை அங்கத்தவருமல்லர். பதவியோ பணமோ இல்லாத இவ்விளைஞர் பிறரை எவ்வாறு எழுப்பினர் என்பதே இங்கு ஆராயத் தக்கது.

அக்காலத்துக் கற்றோர் நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். ஆங்கிலம் கற்று, அரசாங்க எழுதுவினைஞர் பதவி பெற்று, கொழும்புக்கோ மலாய் நாட்டுக்கோ சென்று, ஓய்வுச் சம்பளத்துடன் ஊர் திரும்புதலே வாழ்வின் பெரும்பேறு எனப் பலர் கருதினர். தாய்மொழி வீட்டுக்கு மட்டும் உரியது. சுயாட்சி இந்தியருக்கு மட்டும் உரியது. சாதிக் கட்டுப்பாடு என்றும் மாறாதது என்றவாறு எண்ணங்கள் வேரூன்றியிருந்தன. அறிவு இல்லாத சமூகமன்று அது. தன்னால் இவ்வளவே இயலும் என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்ட சமூகம்.

அவ்வெல்லையைத் தாண்டுமாறு பிறருக்கு உபதேசிப்பதற்கு முன் இளைஞர் தம்மைத் தாமே மாற்றத் துணிந்தனர். ஐரோப்பிய உடையைக் களைந்து தேசிய உடை தரித்தனர். தமிழின் வளர்ச்சியைத் தம் கடமையாகக் கொண்டனர். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்றல் வேண்டுமெனத் தீர்மானித்தனர். சைவரும் கிறிஸ்தவரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அவர்தம் மாநாடுகளுக்குத் தமிழ் அறிஞர்களோடு சிங்களப் பெருமக்களும் அழைக்கப்பட்டனர். நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம் மாறாத ஓர் உண்மை உண்டு: தான் கடைப்பிடியாத ஒன்றைப் பிறருக்குச் சொல்வோன் சொல் செவியோடு நின்றுவிடும், கடைப்பிடித்தவன் சொல்லே நெஞ்சிற் சேரும்.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்கு அவரை அழைத்த பெருமை இம்மாணவர் இயக்கத்துக்கு உரியது. கதர் நிதிக்குப் பொருள் திரட்டுதலே அவர் வருகையின் நோக்கம். அம்மாத இறுதி நாட்களில் அவர் குடாநாட்டின் கல்லூரிகள் பலவற்றிற் பேசினார். மாணவர் காங்கிரசிலும் தனியே உரையாற்றினார். மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் அவர் வற்புறுத்தினார். பெரியதொரு தேசத்தின் தலைவரைத் தம் ஊருக்கு வரவழைக்கவும், பல்லாயிரவர் கூடும் வைபவங்களை ஒழுங்காக நடத்தவும் இருபது வயது இளைஞரால் இயலும் என்பதை ஊர் கண்ணாரக் கண்டது. அதற்குப் பின் இளைஞர் சொல்லை விளையாட்டுப் பேச்சென ஒதுக்குதல் எளிதாய் இருக்கவில்லை.

ஆயினும், அவ்வியக்கத்தின் உண்மையான சோதனை மேடைகளில் நிகழவில்லை. பாடசாலை வாங்குகளில் நிகழ்ந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் அந்நாளிற் பல பாடசாலைகளில் ஏனைய பிள்ளைகளோடு வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை. நிலத்தில் இருந்தே பாடம் கேட்டனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே கூரை. ஆனால் ஒருவன் மேலே, மற்றவன் கீழே. கணக்கும் இலக்கணமும் கற்பதற்கு முன்னரே, “நீ இவ்வளவுதான்” என்னும் பாடத்தை அப்பிள்ளை நாள்தோறும் கற்றுவந்தான். அவனுள் உறங்கும் ஆற்றல் எவ்வாறு கண்விழிக்கும்?

வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தியது. அதன் மாநாடுகளிற் சாதி வேற்றுமையின்றி ஒரே பந்தியில் உணவருந்தினர். 1929ஆம் ஆண்டளவில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமென விதிக்கப்பட்டபொழுது குடாநாட்டிற் பெருங் கொந்தளிப்பு உண்டாயிற்று. விதியை நீக்குமாறு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. சில பாடசாலைகள் தீக்கிரையாக்கவும் பட்டன. அவ்வேளையில் இளைஞர் பின்வாங்கவில்லை. சம ஆசனத்துக்குச் சார்பாகவே நின்றனர். அவர்களை எதிர்த்தோர் பகைவரல்லர். சொந்த உறவினர், அயலவர், ஒரே கோயில் வீதியிற் கூடுவோர். அந்நியரை எதிர்ப்பதிலும் சுற்றத்தாரை எதிர்ப்பது கடினம். அக்கடினத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

ஒருவனுடைய ஆற்றலைத் தூண்டுதல் என்பது அவனைப் புகழ்தலன்று. அவனுக்கு அறிவுரை மழை பொழிதலுமன்று. அவன் அமர்வதற்குத் தன் அருகில் இடம் விடுதலே அதன் முதற்படி. இவ்வுண்மையை அவ்விளைஞர் நன்குணர்ந்திருந்தனர்.

அடுத்து வந்த பெருஞ் சோதனை 1931ஆம் ஆண்டுத் தேர்தல். டொனமூர் அரசியற்றிட்டம் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வஜன வாக்குரிமையை வழங்கியது. ஆனால் பூரண சுயாட்சியை அது வழங்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திற் கமலாதேவி சட்டோபாத்தியாய தலைமை தாங்கிய மாநாட்டில், சுயராச்சியமே குறிக்கோளென வாலிபர் உறுதிபூண்டு தேர்தற் பகிஷ்காரத்துக்கு அறைகூவினர். அதன் விளைவு வியக்கத் தக்கது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய எவரும் முன்வரவில்லை. பழுத்த அரசியல்வாதிகளும் இளைஞர் சொல்லுக்கு இணங்கினர். ஐம்பது தொகுதிகளுள் நான்கு வெறுமையாய் இருக்க அரசாங்க சபை கூடிற்று.

இச்செயலின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தென்னிலங்கை இப்பகிஷ்காரத்திற் சேரவில்லை. நான்கு தொகுதிகளும் 1934ஆம் ஆண்டு வரை பிரதிநிதிகளின்றி இருந்தன. இதனினும் ஆழ்ந்து நோக்கத் தக்க ஒன்றுண்டு. எந்த மக்களுக்காக இளைஞர் பாடசாலை வாங்கிலே இடம் கேட்டார்களோ, அந்த மக்களும், அவர்களோடு பெண்களும், முதன்முதலாகப் பெற்ற வாக்கை 1931இல் அளிக்க இயலாது போயிற்று. உயர்ந்த குறிக்கோளுக்காகச் செய்யப்பட்ட தியாகத்தின் ஒரு பங்கை, கேட்கப்படாதவர்களும் செலுத்த நேர்ந்தது. பிறரை வழிநடத்த முன்வரும் இளைஞர் நினைவில் இருத்த வேண்டிய பாடம் இது. ஊக்குவித்தல் வேறு, பிறருக்காகத் தாமே முடிவு செய்தல் வேறு. முன்னையது ஒருவனை நிமிர்த்தும். பின்னையது நல்லெண்ணத்தோடேயே அவனைக் காத்திருக்கச் செய்துவிடும்.

எனினும், பகிஷ்காரத்தை மட்டும் கொண்டு அவ்வியக்கத்தை அளத்தல் நீதியன்று. 1930களின் பிற்பகுதியில் அது தளர்ந்தது; ஆனால் அதிற் பயின்றோர் தளரவில்லை. அவருட் பலர் பாடசாலைகளையே தம் களமாகக் கொண்டனர். ஒறேற்றர் சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராய்ப் பணிபுரிந்தார். சபாபதி குலேந்திரன் 1947ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயரானார். கிறிஸ்தவராகிய பேரின்பநாயகம் 1949ஆம் ஆண்டிற் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராகி, 1960ஆம் ஆண்டு வரை அதனை நடத்தினார். சைவர் நிறுவிய கல்லூரியொன்று கிறிஸ்தவர் ஒருவரின் கையில் நம்பி ஒப்படைக்கப்பட்டமை, 1924இல் ஒரே மேடையில் அமர்ந்த இளைஞரின் கனவுக்கு ஒரு சான்றெனலாம். 1977ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

பெரும் பதவிகளை நாடியிருப்பின் அவற்றை அடையத் தக்க அறிவும் நாவன்மையும் அவ்விளைஞரிடம் இருந்தன. அவர்களுட் பலர் தெரிந்தெடுத்ததோ வகுப்பறை. ஊர் மக்களைத் தட்டியெழுப்பிய அதே கைகள் பின்னர் வெண்கட்டி பிடித்தன. முழக்கம் ஒரு நாளில் அடங்கும். வகுப்பறையில் விதைத்தது தலைமுறைதோறும் முளைக்கும் என்பதை அவர்கள் வாழ்வு உணர்த்துகின்றது.

நேயர்களே, இளைஞர் ஊரைத் திருத்துவதற்கு வயது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையொன்று உண்டு. தன்னால் இயலாதென்று அப்பிள்ளைக்கு யாரோ சொல்லி வைத்திருக்கின்றனர். அதனை மறுத்துக் கூறும் ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆயின், எழுந்து சென்று அப்பிள்ளையின் அருகில் அமரும் சக மாணவனுடைய செயலுக்கு அதனினும் மதிப்புண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து வாலிபர் செய்த பெருஞ் செயல்கள் அனைத்தும் அத்தகைய சிறு செயலிலிருந்தே தொடங்கின.